கிராம சபை நோட்டுல கையெழுத்துப் போட்டா சம்மதமா?

முந்திரிக்காடு:
பண்ருட்டி பக்கம் வாட்ஸ்அப்ல ஒரு செய்தி சுத்துது. "கிராம சபையில தீர்மானம் பிடிக்கலைன்னா நோட்டுல கையெழுத்துப் போடாம எழுந்து வந்துடுங்க. போட்டா சம்மதம்னு அர்த்தம்." நூத்துக்கு நூறு சரி. எல்லாருக்கும் அனுப்புங்க.

கெடிலக்கரை:
நூத்துக்கு நூறு தப்பு. இதைக் கிளப்பிவிட்ட ஆள் கிராம சபை நடக்கிற மரத்தடியைக்கூட பார்த்திருக்க மாட்டார். அந்தக் கையெழுத்து வந்ததுக்கு, அவ்வளவுதான். குறைவெண் வரம்புக் கணக்குக்காக, அதாவது கூட்டம் செல்லுபடியாக குறைஞ்சது இத்தனை பேர் வரணும்ங்கிற கணக்குக்காக வாங்குறது. ஊராட்சியோட மக்கள்தொகை 500 வரைக்கும்னா 50 பேர், 3,000 வரைக்கும் 100, 10,000 வரைக்கும் 200, அதைத் தாண்டினா 300. கையெழுத்துப் போடாம வந்துட்டா நீங்க அங்க நின்னு அரை மணி நேரம் கத்தினதுக்கும் சாட்சி கிடையாது. "நான் எதிர்த்தேன்"னு நாளைக்கு பி.டி.ஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ் போனா, "உங்க பேரே இல்லையே"ன்னு நோட்டைத் திருப்பிக் காட்டுவாங்க.

முந்திரிக்காடு:
வந்ததுக்குன்னா வருகைப் பதிவேடு தனியா இருக்கணும். எத்தனை ஊர்ல இருக்கு? ஒரே நோட்டு. மேல தேதி, தலைமை, பற்றாளர் (கூட்டத்தைக் கவனிக்க வர்ற அரசு ஆள்) பேரு. நாலஞ்சு பக்கம் வெத்தா விட்டுட்டு, அதுக்கு அப்புறம் கையெழுத்து. வெத்துப் பக்கத்துல தீர்மானம் ஏறுறது சாயங்காலம். படிக்கிறவன் கண்ணுக்கு 200 பேரும் தீர்மானத்துக்குக் கீழ கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கும். இது சம்மதம் இல்லாம என்னங்க?

கெடிலக்கரை:
அது வெத்துப் பக்கத்தோட குத்தம். அதுக்குக் கையெழுத்து என்ன பண்ணும்? கூட்டம் ஆரம்பிக்கிறப்பவே நோட்டை வாங்கிப் பாருங்க, பக்க எண் இருக்கான்னு. பொருளை ஒவ்வொண்ணா படிக்கச் சொல்லுங்க. தீர்மானத்தை அங்கயே எழுதி, அங்கயே வாசிக்கணும். மிச்ச இடத்துல குறுக்குக் கோடு போடச் சொல்லி பற்றாளர்கிட்ட கேளுங்க. அவர் அங்க உட்கார்ந்திருக்கிறதே அதுக்குத்தான், டீ குடிக்க இல்ல. அதுக்கு அப்புறம் கையெழுத்து. பேருக்குப் பக்கத்துல "வருகை மட்டும், 4-வது பொருளுக்கு எதிர்ப்பு"ன்னு எழுதிட்டு போன்ல படம் எடுத்துக்குங்க. ஆட்சேபனையை ரெண்டு படியா எழுதி ஒண்ணைத் தலைமைகிட்ட கொடுத்து, இன்னொண்ணுல தேதியோட ஒப்புதல் வாங்கணும். வாங்க மாட்டேன்னா அன்னைக்கே பி.டி.ஓவுக்கு ஒப்புகை அட்டையோட தபால்.

முந்திரிக்காடு:
அடேங்கப்பா. இவ்வளவையும் எழுபது வயசுப் பாட்டி நோட்டைப் பிடுங்கிப் பண்ணுமா? நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கரைக்கே நோட்டைத் தூக்கிட்டுப் போய் "இங்க போடும்மா"ன்னு வாங்குறானுங்க. கூட்டத்துக்கே வராதவங்க கையெழுத்து அது. வந்ததுக்குன்னு நீங்க சொல்றது எங்க போச்சு?

கெடிலக்கரை:
நீங்களே என் கட்சியைச் சொல்றீங்களே! எதுக்கு ஏரிக்கரைக்கு ஓடுறான்? தலைக்கணக்கு குறையுது, அதான். சம்மதம்தான் வேணும்னா பத்துப் பேர் கையெழுத்து போதாதா? வருகைக்கணக்கு.

பாகூர்ஏரி:
கடலூர்க்காரங்க நோட்டுக்குச் சண்டை போடுறீங்க. பாண்டிச்சேரியில 1968-க்கு அப்புறம் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல. 2011-ல காலம் முடிஞ்சுது. அதோட சரி. கொம்யூன் பஞ்சாயத்தெல்லாம், அதாவது இங்க உள்ள ஊராட்சி அமைப்பெல்லாம், ஆணையர் கையில. இங்க யார் யாரைத் தட்டிக் கேட்கிறது?

கெடிலக்கரை:
வருத்தம்தான். ஆனா இங்க பேச்சு கையெழுத்தைப் பத்தி. பாகூர் எப்பவும் இப்படித்தான், சொத்துவரி விவாதத்துலயும் பிரெஞ்சுக்காரன் கதையை ஆரம்பிச்சுட்டுப் பாதியில காணாமப் போனவர்.

பாகூர்ஏரி:
ரொம்பப் பெருமை வேணாம் சார். 2025 ஜனவரி 5-ல உங்க ஊராட்சித் தலைவர்களுக்கும் காலம் முடிஞ்சு, அவங்க இடத்துல அரசு அதிகாரியான தனி அலுவலர் வந்தாரா இல்லையா? காணாமப் போனது நான் இல்ல, உங்க பதில்.

சிப்காட்காத்து:
முந்திரி சொல்றதுல விஷயம் இருக்கு. கடலூர் சிப்காட்ல குடிகாடு பக்கம் கம்பெனி விரிவாக்கத்துக்கு மக்கள்கிட்ட கருத்துக்கேட்பு வச்சா, அங்கயும் நோட்டுல கையெழுத்துப் போட்டவங்களை ஆதரவுன்னுதான் கணக்குக் காட்டுவாங்க.

கெடிலக்கரை:
கருத்துக்கேட்பு வேற, கிராம சபை வேற! அது 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி நடக்கிறது. குறைஞ்சது 30 நாள் முன்னாடி பேப்பர்ல விளம்பரம் வரணும், கலெக்டரோ அவர் அனுப்புற அதிகாரியோ தலைமை, முழுசா வீடியோ எடுக்கணும், முடிவுல நடவடிக்கைக் குறிப்பைத் தமிழ்ல வாசிச்சு விளக்கணும். குறைவெண் வரம்பே கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் நடக்கும். ஓட்டெடுப்பும் இல்ல, அதனால தலையெண்ணி ஆதரவுன்னு சொல்ல வழியே இல்ல. வந்தவங்க பட்டியலை அறிக்கையோட இணைக்கிறாங்க, அவ்வளவுதான்.

முந்திரிக்காடு:
குறைவெண் வரம்பே இல்லாத இடத்துல கையெழுத்து எதுக்காம்? கணக்குக்குத்தான்னு மேல அடிச்சுச் சொன்னீங்களே. மாட்டுனீங்க!

கெடிலக்கரை:
வந்தவங்க யாருன்னு தெரிய. வருகை! எத்தனை தடவை சொல்றது? ரெண்டு இடத்துலயும் வருகை.

முந்திரிக்காடு:
இப்பதான் "அது வேற இது வேற"ன்னீங்க. சரி, கையெழுத்தை விடுங்க, கூட்டம் நடக்கிறதே ஊருக்குத் தெரியிறது இல்ல. முன்னல்லாம் தண்டோரா போடுவாங்க.

கெடிலக்கரை:
தண்டோராவை நிறுத்தச் சொல்லி 2022 ஆகஸ்டுல தலைமைச் செயலாளரே கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதினார். வண்டியில ஒலிபெருக்கி கட்டிச் சொன்னா போதும். உங்களுக்கு இன்னும் ஒருத்தன் பறையடிச்சுக்கிட்டே தெருத்தெருவா வந்து கூப்பிடணுமோ?

முந்திரிக்காடு:
நான் அப்படியா சொன்னேன்? வாயில வார்த்தையைத் திணிக்காதீங்க. மன்னிப்புக் கேளுங்க.

சிப்காட்காத்து:
தண்டோரா வேணும்னு அவர் சொல்லலையே கெடிலம். தகவல் வரலைன்னுதான் சொன்னார். நீங்க எப்பவும் இதே வேலை.

கெடிலக்கரை:
தகவல் வரலைன்னா ஏழு நாள் முன்னறிவிப்புக் கொடுத்ததுக்கு ஆதாரம் கேளுங்க. கிராம சபை நாள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. காலண்டர்லயே குறிச்சு வைக்கலாம், யாரும் வந்து கூப்பிடத் தேவையில்ல. தீர்மான நகலுக்கு 2005 தகவல் உரிமைச் சட்டம் 6(1)-ல மனு, 10 ரூபா கோர்ட் பீ ஸ்டாம்ப். தப்பான ஆபீசுக்குப் போட்டாலும் 6(3)-ப்படி 5 நாள்ல சரியான ஆபீசுக்கு மாத்தி அனுப்பணும். சரியான ஆபீசுக்கு மனு போய்ச் சேர்ந்த நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள பதில். கேட்கிறப்போ "தீர்மானப் பக்கங்களும் கையெழுத்துப் பக்கங்களும் பக்க எண்ணோட"ன்னு எழுதுங்க. சும்மா "தீர்மான நகல்"னு கேட்டா டைப் அடிச்ச ரெண்டு வரி வரும்.

முந்திரிக்காடு:
அந்த 30 நாளுக்குள்ள பயனாளி பட்டியல் மேல போயிடும், கான்கிரீட்டும் போட்டுடுவான். நகலை வச்சு நாக்கு வழிக்கவா? கையெழுத்தே இல்லைன்னா 200 ஆகாது, கூட்டமே செல்லாது. அதான் எங்க வழி.

கெடிலக்கரை:
எதிர்க்கிற நாப்பது பேர் போடாம வந்துட்டா, ஏரிக்கரையில எண்பது வாங்கிப்பான். உங்க எதிர்ப்பு எழுத்துல எங்கயும் இருக்காது. வருகைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க.

முந்திரிக்காடு:
போட்டா சம்மதம்.

கெடிலக்கரை:
எந்த விதியில? எண்ணைச் சொல்லுங்க.

முந்திரிக்காடு:
"எதிர்ப்பு"ன்னு பேருக்குப் பக்கத்துல எழுதலாம்னு நீங்க சொன்னது மட்டும் எந்த விதியிலயாம்? முதல்ல தண்டோராவுக்கு மன்னிப்பு.

பாகூர்ஏரி:
தனி அலுவலர் கேள்விக்கும் இன்னும் பதில் வரல. நான் இங்கதான் இருக்கேன், காணாமப் போகல.