பிக்கோ நொடியில் வந்து போகும் இடைநிலைகள்: சிங்கப்பூர் ஈரக்காற்றில் லேசர் ஆய்வு, அனுபவப் பகிர்வு

— பம்ப் என்ற லேசர் துடிப்பு மூலக்கூறைக் கிளப்பும். சற்றுப் பிந்தி வரும் புரோப் என்ற துடிப்பு, வினையின் நடுவே தோன்றி மறையும் இடைநிலைகளை அவை உறிஞ்சும் ஒளியை வைத்துக் காட்டும். புது மூலக்கூறை வைக்குமுன், நடத்தை நன்கு தெரிந்த பென்சோஃபீனோனைப் போட்டுப் பாருங்கள். அசிட்டோநைட்ரைலில் கரைத்து, 2 மி.மீ. க்யூவெட் என்ற மாதிரிக் கலத்தில், பம்பின் அலைநீளமான 267 நானோமீட்டரில் உறிஞ்சல் 0.3 முதல் 0.5 வரை இருந்தால் போதும். 575 நானோமீட்டர் பக்கம் தெரியும் சிங்லெட் (முதலில் வரும் கிளர்நிலை) பத்துப் பிக்கோ நொடி வாக்கில் தேய்ந்து, 525இல் டிரிப்லெட் (எலக்ட்ரானின் தற்சுழற்சி மாறிய, நெடுநேரம் நிற்கும் கிளர்நிலை) எழ வேண்டும். எழாவிட்டால் மூலக்கூறைக் குறை சொல்லாதீர்கள். பம்பும் புரோபும் ஒரே இடத்தில் விழவில்லை. கரைப்பானை ஐசோபுரொப்பனாலுக்கு மாற்றி, 545இல் கீட்டைல் ரேடிக்கல் (பென்சோஃபீனோன் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கி ஆவது) வரும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. அது உருவாகப் பல பத்து நானோ நொடி ஆகும். புரோபைத் தாமதிக்கும் 30 செ.மீ. நகர்மேடையான டிலே ஸ்டேஜில் ஒளி போய்த் திரும்பினாலும் 2 நானோ நொடிதான்.

— முன்னால் பேசிய அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கணும்: வெறும் கரைப்பானையும் அதே பம்ப் சக்தியில் கட்டாயம் அளக்கணும். மெத்தனாலில் சிவப்புப் பக்கம் அகலமாக ஒரு மேடு வந்தால், அது இரட்டை ஃபோட்டான் அயனியாக்கத்தில் பிறந்து கரைப்பானில் தங்கிய எலக்ட்ரான். பம்ப் சக்தியைப் பாதியாக்குங்கள். சிக்னலும் பாதியானால் நல்லது, கால்வாசிக்கு இறங்கினால் அது உங்கள் இடைநிலை இல்லை. அந்த வெறும் கரைப்பான் அளவு வீணாகாது. புரோபில் நீலம் சிவப்பை விடப் பிந்தி வருவதைத் திருத்தவும் அதுதான் வேணும். புரோபுக்கான வெள்ளொளியை உண்டாக்கக் கால்சியம் ஃபுளூரைடு படிகம் போட்டால் 350 நானோமீட்டர் வரை கிடைக்கும், ஆனால் அசைத்துக்கொண்டே இருக்கணும், நின்றால் பொசுங்கிவிடும்.

— இந்த ஊர்த் தொல்லை ஈரம். வெளியே பனிப்புள்ளி (காற்றின் ஈரம் நீராகத் துளிக்கும் வெப்பநிலை) 24 டிகிரியை ஒட்டி நிற்கும். வார இறுதியில் கட்டடத்து ஏர்கான் மந்தமானால், 18 டிகிரியில் ஓடும், லேசரைக் குளிர்விக்கும் சில்லர் குழாய் வியர்க்கும். மேசைக்குப் பக்கத்தில் ஈரமானியும் அலாரமும் வையுங்கள். லேசரின் அலைநீளத்தை மாற்றும் பி.பி.ஓ. படிகம் ஈரத்தை இழுத்து மங்கும், உலர் நைட்ரஜன் அடியில் விட்டுவிடுவதே மேல். அகச்சிவப்பில் இன்னும் மோசம்: 1300 முதல் 1900 செ.மீ.⁻¹ வரை நீராவிக் கோடுகள், கார்பனைல் (கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) தெரியும் பகுதியையே மறைத்துவிடும். பெட்டியைத் திறந்து மாதிரி மாற்றினால், கோடுகள் அடங்கும்வரை உலர்காற்று ஓடட்டும், அப்புறம்தான் அளக்கணும். கீட்டீன் என்ற இடைநிலை 2100 வாக்கில் இருப்பதால் தப்பிக்கிறது.

கார்பீன் (இரண்டே பிணைப்புள்ள கார்பன் கொண்ட, சட்டென வினைபுரியும் இடைநிலை) செய்கிறவர்கள் கரைப்பானையும் கவனிக்கணும். திறந்து வைத்த அசிட்டோநைட்ரைல் பாட்டில் ஈரத்தைக் குடிக்கும். கார்பீன் அந்தத் தண்ணீரோடு வினைபுரிந்து ஆயுளைக் குறைத்துக் காட்டும். 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடையில் ஒரு நாள் ஊறவிட்டு, 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடிக்கணும். சல்லடைத் தூள் உள்ளே போனால் பம்ப் ஒளி சிதறிப் புரோபைக் கெடுக்கும்.

— ஆக்சிஜன் பற்றி ஒரு வார்த்தை. காற்றோடு சமநிலையில் உள்ள அசிட்டோநைட்ரைலில் அது ஏறத்தாழ 2 மில்லிமோலார். டிரிப்லெட்டை அணைக்க நூறு நானோ நொடிக்குக் குறையாது. ஆகவே 2 நானோ நொடி அளவீட்டுக்கு ஆர்கான் குமிழிப்பது வெட்டிவேலை. கரைப்பான் ஆவியாகிச் செறிவுதான் ஏறும். நானோ நொடி லேசர் ஃபிளாஷ் அளவீட்டுக்குப் போகும்போது கரைசலை உறையவைத்து, மேலுள்ள காற்றை உறிஞ்சியெடுத்து, உருக்கி, இப்படி மூன்று தடவை செய்யுங்கள்.

தரவுக்கு வளைவு பொருத்தும் ஃபிட்டில் பத்துப் பிக்கோ நொடிக் கூறு வந்ததும் புது இடைநிலை என்று எழுதிவிடாதீர்கள். சூடான மூலக்கூறு கரைப்பானுக்கு வெப்பம் கொடுத்து ஆறும்போதும் பட்டை குறுகி, கொஞ்சம் நகரும். பம்பின் அலைநீளத்தை உறிஞ்சல் விளிம்புக்கு அருகே கொண்டுபோய் மறுபடி அளங்கள். வெறும் சூடு ஆறுவதுதான் என்றால் அந்தக் கூறு சுருங்கும். உண்மையான இடைநிலை அதே நேரத்தில் அதே இடத்தில் வரும்.