ஹாரட்ஸ்: சுற்றிப்பார்க்கவும் வேலை தேடவும்

ஊரிலிருந்து அப்பா அம்மா லண்டன் வந்தால் ஹாரட்ஸ் என்ற பெரிய ஆடம்பரக் கடையைக் காட்டாமல் அனுப்ப முடியாது. பிக்காடில்லி லைன் ரயிலில் நைட்ஸ்பிரிட்ஜில் இறங்கினால் கடை பக்கத்திலேயே இருக்கிறது. நுழையக் கட்டணம் இல்லை. உணவுக்கூடங்களை விட்டுவிடாதீர்கள், சுவரில் பதித்த ஓடுகளே தனி அழகு. 1898இல் இங்கிலாந்தின் முதல் நகரும் படிக்கட்டை இங்கேதான் வைத்தார்கள். ஏறி மிரண்டவர்களுக்குப் பிராந்தி கொடுத்தார்களாம். இன்று அம்மா தயங்கினால் நீங்கள்தான் கையைப் பிடிக்க வேண்டும்!

இளவரசி டயானாவுக்கும் அவரோடு விபத்தில் இறந்த டோடிக்கும் இங்கே வைத்திருந்த சிலையைக் கேட்பார்கள். அது 2018இல் எடுக்கப்பட்டுவிட்டது. டோடியின் தந்தை அல் ஃபயத் 2010லேயே கடையைக் கத்தாருக்கு விற்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போனால் மதியத்துக்கு மேல் போங்கள், அன்று பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் விற்கலாம். பயணிகளுக்கு விமான நிலையத்தில் வாட் வரி திரும்பக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2021 ஜனவரியோடு நின்றுவிட்டது. அதை நம்பி கைப்பை வாங்காதீர்கள். ஒரு டீ டப்பா போதும்.

சரி, வேலை. உள்ளே நிற்பவர்கள் எல்லாரும் ஹாரட்ஸ் ஊழியர்கள் இல்லை. வாசனைத் திரவியம், கைக்கடிகாரம் போன்ற பிரிவுகளில் பலருக்குச் சம்பளம் தருவது அந்தந்த பிராண்டுதான். அதனால் ஹாரட்ஸ் தளத்தோடு பிராண்டுகளின் தளங்களையும் பாருங்கள். அழகுப் பொருட்களுக்கென்றே எச் பியூட்டி என்ற தனிக் கடைகளும் உண்டு; முதல் கடை 2020இல் எசெக்ஸ் லேக்சைடில் திறந்தது. லண்டனுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது வசதி. பட்டப்படிப்பு மாணவர் விசா என்றால் படிப்பு நடக்கும் வாரங்களில் 20 மணி நேரத்தைத் தாண்டாதீர்கள், கிறிஸ்துமஸ் கூட்டத்தில் மேலாளர் கெஞ்சினாலும் சரி.

லூட்டனிலும் ஸ்டான்ஸ்டெட்டிலும் தனியார் விமானங்களைக் கவனிக்கும் ஹாரட்ஸ் ஏவியேஷன் வேறு நிறுவனம். விமான நிலையத்தின் பாதுகாப்புப் பகுதிக்குள் வேலை என்றால் ஐந்து வருட வரலாற்றைச் சரிபார்ப்பார்கள். எனவே ஊரில் படித்த, வேலை பார்த்த இடங்களின் கடிதங்களை இப்போதே வாங்கி வையுங்கள். ஹாரட்ஸ் எஸ்டேட்ஸ் வீட்டுத் தரகு நிறுவனம்தான், ஆனால் நம் வாடகைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டாம். ஹாரட்ஸ் வங்கியோ எப்போதோ கைமாறிவிட்டது.

அப்புறம், "ஹாரட்ஸில் சேர்த்துவிடுகிறேன், முன்பணம் கொடு" என்று யாராவது வந்தால் ஒரு பவுண்டும் தராதீர்கள். வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதற்கு இங்கே சட்டப்படி தடை இருக்கிறது.