15 இஞ்ச் வூஃபரை ‘மந்தம்’ என்றவருக்கு

மரப்பெட்டி (மதுரை):
நேற்று இங்கே வூஃபரைப் பற்றி, அதாவது தாழ்ந்த ஒலி (பாஸ்) தரும் ஸ்பீக்கரைப் பற்றி, நுண்செவி எழுதியதைப் படித்தபின் எனக்குத் தூக்கமே வரவில்லை. அவர் எழுதியது இதுதான்: “15 இஞ்ச் வூஃபர் கல்யாண மண்டபத்துக்குத்தான் லாயக்கு. கோன் கனம், ஆகவே மந்தம். தவிலின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டுமென்றால் 8 இஞ்ச்தான் வேண்டும்.” அதற்குப் பதினாறு பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள்.

நான் 26 வருடங்களாக ஸ்பீக்கர்ப் பெட்டி அடிக்கிறேன். கோன் என்பது காற்றைத் தள்ளும் கூம்பு, காயில் அதை அசைக்கும் கம்பிச்சுருள். காயில் கருகி வரும் வூஃபருக்குக் கோன் மாற்றித் தருவதும் என் தொழில்தான். இப்போது என் மேசையில் இரண்டு கோன்கள் கிடக்கின்றன. ஒன்று மேடைக்கான 15 இஞ்ச், துணி ஓரம் வைத்தது. இன்னொன்று வீட்டு சப்வூஃபரின் 8 இஞ்ச், தடித்த ரப்பர் ஓரம். காயிலோடு சேர்த்துத் தராசில் வைத்தேன். 15 இஞ்ச் 104 கிராம். 8 இஞ்ச் 71 கிராம். பரப்பைப் பாருங்கள்: 15 இஞ்சுக்குச் சுமார் 870 சதுர செ.மீ., 8 இஞ்சுக்குச் சுமார் 215. ஒரு சதுர செ.மீ.க்கு 15 இஞ்ச் சுமப்பது 0.12 கிராம், 8 இஞ்ச் சுமப்பது 0.33 கிராம். இப்போது சொல்லுங்கள், எது கனம்?

நுண்செவி (சென்னை):
ஐயா, 104 என்ற எண் 71ஐவிடப் பெரியது என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். இதற்கு மேல் நான் நிரூபிக்க என்ன இருக்கிறது? காளைமாடு வண்டியை இழுக்கும், முயலைப் போல ஓடாது. என் வரவேற்பறையில் மூடிய பெட்டியில் இரண்டு 8 இஞ்ச் வைத்திருக்கிறேன். இடந்தலையில் கழி விழுந்ததும் ஒலி வருகிறது, கழி எடுத்ததும் நிற்கிறது. உங்கள் 15 இஞ்ச் அடுத்த அடி விழும்வரை முனகிக்கொண்டிருக்கும். தராசு காய்கறிக் கடைக்கு ஆகும். எனக்குக் காது இருக்கிறது.

அளவுகோல்:
இருவரும் கொஞ்சம் நில்லுங்கள். ‘வேகம்’ என்று எதைச் சொல்கிறீர்கள்? 50 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 50 தடவை போய்வர வேண்டும். 8 இஞ்சும் 50 தடவைதான், 15 இஞ்சும் 50 தடவைதான். ஒன்று இன்னும் சீக்கிரமாகப் போய்வந்தால் அது வேறு சுருதியாகிவிடும்.

கோனின் கனம் கூடினால், அதே வாட்டுக்குக் கிடைக்கும் சத்தம் குறையும். அதற்காக அடி தாமதமாக விழுவதில்லை. கழி தோலில் படும் அந்தச் சுருக்கென்ற முனை மேல் அதிர்வெண்களில் இருக்கிறது. அதைத் தருவது பெரும்பாலும் மேலே இருக்கும் சின்ன ஸ்பீக்கர்தான். வூஃபர் மேலே எவ்வளவு தூரம் எட்டும் என்பதை எடையைவிடக் காயிலின் தூண்டல் (மேல் அதிர்வெண் மின்னோட்டத்தைத் தடுக்கும் குணம்) அதிகமாகத் தீர்மானிக்கிறது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், அவருக்குப் பின் 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மாலும் இதையெல்லாம் கணக்காக எழுதி வைத்துவிட்டார்கள். டிரைவரின் (பெட்டிக்குள் வைக்கும் ஸ்பீக்கரின்) விவரத்தாளில் உள்ள எண்களை வைத்தே பெட்டியின் கொள்ளளவைக் கண்டுபிடிக்கலாம்.

ஒரு கணக்கு. பெட்டி தரையில் இருக்கிறது, 1 மீட்டர் தூரத்தில் 30 ஹெர்ட்ஸ், சுமார் 96 டெசிபல் வேண்டும். மூடிய பெட்டியில் 15 இஞ்ச் கோன் ஒரு பக்கத்துக்கு 3 மி.மீ. நகர்ந்தால் போதும். 8 இஞ்ச் 12 மி.மீ. நகர வேண்டும். அதே சத்தத்தை 60 ஹெர்ட்ஸில் கேட்டால் இரண்டுக்கும் கால்வாசி நகர்வு போதும். பாஸ் என்பது அடிப்படையில் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறோம் என்பதுதான். தயவுசெய்து முதலில் ‘மந்தம்’ என்பதற்குப் பொருள் சொல்லுங்கள்.

மரப்பெட்டி:
படித்தீர்களா நுண்செவி? அதே நேரத்துக்குள் உங்கள் 8 இஞ்ச் நாலு மடங்கு தூரம் ஓட வேண்டும். 12 மி.மீ. என்பது என் சுண்டுவிரல் அகலம். அத்தனை தூரம் ஓடும்போது காயில் காந்த இடைவெளியை விட்டு வெளியே வருகிறது, காயிலைத் தாங்கும் ஸ்பைடர் என்ற வளையம் இழுபட்டுக் கிழிகிறது, ஒலி கரகரக்கிறது. என் கடைக்கு வரும் 8 இஞ்ச் சப்வூஃபர்களில் பாதிக்கு ஸ்பைடர் ஒட்டு விட்டிருக்கிறது. 15 இஞ்ச் உட்கார்ந்த இடத்தில் மூச்சு விடுவதுபோல அசையும். கோன் மேல் கை வைத்துப் பார்த்தவன் சொல்கிறேன். ஒரு சதுர செ.மீ.க்கு 0.12 கிராம். இதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

நுண்செவி:
பதில் சொல்கிறேன். 1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். பெட்டியை அடைத்து, உள்ளே இருக்கும் காற்றையே ஸ்பிரிங்காக வைத்துக்கொண்டார். அதுவரை அலமாரி அளவு பெட்டி இல்லாமல் பாஸ் கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வாயடைத்துப் போனார்கள். பெரிசு பெரிசு என்று அலறும் கூட்டத்துக்கு எழுபது வருடங்களுக்கு முன்பே பதில் கொடுத்தாகிவிட்டது.

மரப்பெட்டி:
அதில் இருந்தது 12 இஞ்ச்! சிறிதாக்கியது பெட்டியை, டிரைவரை அல்ல. பெட்டி சிறிதானதற்கு விலையாகச் சத்தத்தை விட்டுக்கொடுத்தார்கள், அதனால் அதை ஓட்ட அதிக வாட் ஆம்ப்ளிஃபயர் வேண்டியிருந்தது. சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த வாட்டில் நிறையச் சத்தம்: இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். பெட்டி அடிக்கிறவர்கள் இதை ஹாஃப்மன் விதி என்பார்கள். பாதியைப் படித்துவிட்டு வந்து எனக்குப் பாடம் நடத்தாதீர்கள். 12 இஞ்ச். திரும்பச் சொல்கிறேன், 12 இஞ்ச்.

சொல்லேர்:
ஒரு வருத்தம். கோன், காயில், ஸ்பைடர், வூஃபர் என்றே எல்லாரும் எழுதுகிறீர்கள். ‘ஒலிபெருக்கி’ என்ற அழகான சொல் இருக்கும்போது ஸ்பீக்கர் எதற்கு?

மரப்பெட்டி:
ஐயா, ஒலியைப் பெருக்குவது ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கர் பெருக்குவதில்லை, மின்சாரத்தை அசைவாக மாற்றுகிறது. ஒலிபெருக்கி என்ற பெயரைத் தவறான ஆளுக்குச் சூட்டியிருக்கிறீர்கள். என் பட்டறையில் பையனிடம் “ஒலிபெருக்கியை எடு” என்றால் எதை எடுப்பான்?

சொல்லேர்:
மக்கள் ஏற்றுக்கொண்ட சொல்லைப் பட்டறையில் இருந்துகொண்டு மாற்ற முடியாது. திருவிழாவில் மரத்தில் கட்டும் குழாயையும் ஊர் ஒலிபெருக்கி என்றுதான் சொல்கிறது. நாற்காலி என்றால் நான்கு கால் மட்டும்தான் இருக்க வேண்டுமா?

நுண்செவி:
இதில் மட்டும் மரப்பெட்டி சொல்வது சரி.

மரப்பெட்டி:
உங்கள் ஆதரவு எனக்குத் தேவையில்லை. ‘மந்தம்’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள், அது போதும்.

புதியவன்:
அண்ணன்மார்களே, என் அறை 10 அடிக்கு 11 அடி. 12 இஞ்ச் சப்வூஃபர் வாங்கி மூலையில் வைத்திருக்கிறேன். ஒரு குறிப்பிட்ட சுரம் வந்தால் மட்டும் அறையே ஊங்காரமிடுகிறது. கட்டிலில் உட்கார்ந்தால் காது அடைக்கிறது, அறை நடுவில் நின்றால் பாஸே காணோம். 8 இஞ்சாக மாற்றினால் சரியாகுமா?

அளவுகோல்:
தம்பி, மாற்றாதீர்கள், காசு வீண். ஊங்காரமிடுவது உங்கள் அறை. 11 அடி தள்ளி இருக்கும் சுவர்களுக்கு இடையே 51 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி நின்றுகொள்ளும், 10 அடிக்கு 56 பக்கத்தில். அறை நடுவில் இரண்டும் அடங்கிவிடும், சுவரோரம் இரண்டும் ஓங்கும். உங்கள் கட்டில் சுவரோரம்தான் இருக்க வேண்டும். சப்வூஃபரை மூலையிலிருந்து எடுத்து, கட்டிலில் நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். பாட்டைப் போட்டுவிட்டுச் சுவரோரமாகத் தவழ்ந்து பாருங்கள். எங்கே பாஸ் சீராகக் கேட்கிறதோ அங்கேயே அதை வைத்துவிடுங்கள்.

நுண்செவிக்கும் இதுதான். நீங்கள் ‘முனகல்’ என்று கேட்டது 15 இஞ்சையா, யாரோ ஒருவருடைய அறையையா? மரப்பெட்டி, உங்கள் மேடைப் பெட்டியில் பாஸைக் கூட்டும் குழாய்த் துளை இருக்கும். அது சுருதி சேர்த்த அதிர்வெண்ணின் அருகே ஒலி உண்மையிலேயே கொஞ்சம் பிந்தி வரும். நுண்செவியின் பெட்டி அடைத்தது. நீங்கள் ஒப்பிடுவது இரண்டு விதமான பெட்டிகளை, இரண்டு டிரைவர்களை அல்ல.

நுண்செவி:
“உண்மையிலேயே பிந்தி வரும்.” அளவுகோலின் வாயாலேயே வந்துவிட்டது. நன்றி. இன்னொன்றையும் கேட்கிறேன். உங்கள் மேடை 15 இஞ்சின் துளை 40 ஹெர்ட்ஸுக்கு வைத்ததுதானே? அதற்குக் கீழே ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவையும், சத்தம் 24 டெசிபல் வீதம் விழும். என் மூடிய பெட்டியில் 12 டெசிபல்தான் விழும். 30 ஹெர்ட்ஸில் உங்கள் 870 சதுர செ.மீ. காற்றை விசிறிக்கொண்டிருக்கும், ஒலி இருக்காது.

மரப்பெட்டி:
30 ஹெர்ட்ஸ் பேச்சு எங்கிருந்து வந்தது? தவிலுக்கு 30 ஹெர்ட்ஸ் எதற்கு? நாலு தந்தி பாஸ் கித்தாரின் கடைசித் தந்தியே 41 ஹெர்ட்ஸ்தான். நீங்கள் எழுதியது ‘மந்தம்’. பிந்துவது துளை, கோன் அல்ல. துளையை அடைத்துவிட்டு அதே 15 இஞ்சை இன்று காலை ஓட்டினேன். பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து யார் வாசிக்கிறார்கள் என்று கேட்டார். 0.12 கிராம். இதற்குப் பதில் எங்கே?

நுண்செவி:
பக்கத்துக் கடைக்காரரின் சான்றிதழை வைத்துக்கொண்டு ஒலியியல் பேச முடியாது. பேச்சு வந்ததால் சொல்கிறேன். போன மார்கழியில் இதே மரப்பெட்டியிடம் நான் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். 300 வாட் என்றார். அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு, அதோடு ஓயாத இரைச்சல். ஆளின் வாட் கணக்கே அப்படி இருக்கும்போது கிராம் கணக்கை எப்படி நம்புவது?

மரப்பெட்டி:
அந்த டிரான்ஸ்ஃபார்மரை ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுப் பலகைமேல் ஒட்டி வைத்தது நீங்கள். தள்ளி வையுங்கள், இரும்புத் தகடு போடுங்கள் என்று மூன்று தடவை தொலைபேசியில் சொன்னேன். வயதில் மூத்தவன் என்ற மரியாதைகூட இல்லாமல் இப்போது பொது இடத்தில் பேசுகிறீர்கள். என் தராசு பொய் சொல்லாது. வேண்டுமானால் வந்து பாருங்கள், இரண்டு கோனும் மேசையிலேயே இருக்கின்றன.

சொல்லேர்:
‘உள்ளீட்டுப் பலகை’ என்று மட்டும் தமிழில் வருகிறதே, அது எப்படி?

புதியவன்:
அண்ணா, தவழ்ந்து பார்த்தேன். கதவுக்குப் பக்கத்தில் நன்றாகக் கேட்கிறது. ஆனால் அங்கே வைத்தால் கதவு திறக்காது. என்ன செய்வது?

அளவுகோல்:
எதிர்ச்சுவரில் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள் தம்பி. மற்ற இருவருக்கும்: ‘மந்தம்’ என்றால் என்ன என்று நான் கேட்டது இன்னும் அப்படியே இருக்கிறது.

நுண்செவி:
கேட்டால் தெரியும். 104, 71ஐவிடப் பெரியது.

மரப்பெட்டி:
0.12, 0.33ஐவிடச் சிறியது. ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்கும். அந்த டிரான்ஸ்ஃபார்மரையும் எடுத்து வாருங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறேன். ஆனால் 15 இஞ்சை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

நுண்செவி:
ரயில் டிக்கெட் யார் கொடுப்பது?