ஜப்பானிய வரலாற்றுத் தொடர்களும் அந்தப் பழைய பேச்சும்: என் அனுபவம்

சப்டைட்டிலை மட்டும் நம்பி ஜப்பானிய வரலாற்றுத் தொடர் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். பல வருடங்களாக விடாமல் பார்த்து வருபவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன். யார் யாருக்குப் பணிகிறார்கள், எந்த நொடியில் இரண்டு பேருக்கு நடுவே உறவு மாறுகிறது என்பதெல்லாம் அங்கே விளிக்கும் சொல்லிலும் வாக்கியம் முடியும் இடத்திலும்தான் இருக்கிறது. ஆங்கில சப்டைட்டிலில் எல்லாமே 'யூ' என்று ஒரே சொல்லாக வந்து விழும். காதில் கேட்பதோ ஒநுஷி, சொநாதா, கிதென், தெமே என்று ஆளுக்கும் நேரத்துக்கும் தகுந்தபடி மாறிக்கொண்டே இருக்கும். நீ, நீர், தாங்கள் என்று அளந்து பேசிப் பழகிய நமக்கு இது சீக்கிரமே பிடிபட்டுவிடும், ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும்.

இங்கே நிறையப் பேர் அனிமே வழியாக வந்திருப்பீர்கள், நானும் அப்படித்தான். ரூரோனி கென்ஷினில் நாயகன் தன்னை 'செஷ்ஷா' என்று தாழ்த்திச் சொல்லிக்கொள்வான், வாக்கியத்தை 'தெ கொசாரு' என்று முடிப்பான். நிஞ்சா ஹத்தோரியும் மூலத்தில் கொசாரு போட்டுத்தான் பேசுவான், டப்பிங்கில் அது வராது. அனிமேயில் இது ஒரு பாத்திரத்தின் முத்திரை, அவன் யாரிடம் பேசினாலும் அப்படியேதான் பேசுவான். தொடர்களில் அதே சாமுராய் பிரபுவின் முன்னால் ஒரு மாதிரி, மனைவியிடம் ஒரு மாதிரி, எதிரியிடம் வேறு மாதிரி பேசுவதைக் கேட்க வேண்டும். நான் இந்தத் தொடர்களில் விழுந்தது அதைக் கேட்டுத்தான்.

இதற்கு நல்ல உதாரணம் 'தோயாமா நோ கின்சான்'. தோயாமா காகெமொதோ 19ஆம் நூற்றாண்டில் 'எதோ' என்ற நகரத்தின், அதாவது இன்றைய டோக்கியோவின், நீதி நிர்வாகத்தைப் பார்த்த நிஜமான அதிகாரி. கதையில் அவர் கின்சான் என்ற பெயரில் ஊர்சுற்றியாகத் தெருவில் திரிவார், கடைத்தெரு ஆட்களின் முரட்டுப் பேச்சு பேசுவார், அடிதடியில் தோளைத் திறந்து அங்கே பச்சை குத்தியிருக்கும் செர்ரிப் பூக்களைக் காட்டுவார். அப்புறம் விசாரணை. வெள்ளைக் கூழாங்கல் பரப்பிய முற்றத்தில் குற்றவாளிகள் மண்டியிட்டிருக்க, மேலே அதே ஆள் முழு அதிகார உடையில், ஒவ்வொரு சொல்லும் நீண்டு முடிகிற அரசாங்க நடையில் விசாரிப்பார். 'கின்சான் என்று ஒருவனே கிடையாது, இருந்தால் கூட்டி வாருங்கள்' என்று அவர்கள் சாதிப்பார்கள். அவ்வளவுதான், அந்த நடை அப்படியே உடைந்து தெருப் பேச்சு வெடித்துக் கிளம்பும், தோளிலிருந்து உடை இறங்கும். எல்லாரும் பச்சையைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அதற்கு ஒரு நொடி முன்னால் பேச்சு மாறுகிறதே, அங்கேதான் உடம்பு சிலிர்க்கும். தீர்ப்புச் சொல்லும்போது மறுபடி அரசாங்க நடைக்குத் திரும்பி 'கொரே நிதே இக்கென் ராகுசாகு', இத்துடன் வழக்கு முடிந்தது, என்று முடிப்பார். இந்தக் கதையைப் பல நடிகர்கள் பல காலகட்டங்களில் செய்திருக்கிறார்கள். யார் செய்ததைப் பார்த்தாலும் அந்தத் திருப்பத்தைக் காதால் கேளுங்கள்.

'மிதோ கோமோன்' எல்லாருக்கும் தெரிந்ததுதான், டிபிஎஸ் தொலைக்காட்சியில் 1969இல் ஆரம்பித்து 2011 வரை ஓடியது. எச்சிகோவின் பட்டு வியாபாரி, தொழிலை விட்டு ஓய்வெடுக்கும் கிழவர் என்று சொல்லிக்கொண்டு சுற்றுபவர், கடைசியில் உதவியாளர் முத்திரைப் பெட்டியை நீட்டியதும் முன்னாள் துணை ஷோகன் (ஷோகன் என்றால் நாட்டை ஆண்ட படைத்தலைவர்) மித்சுகுனி பிரபுவாகிவிடுவார். அங்கே வரும் 'அராசெராரேரு சொ' மாதிரியான உச்ச மரியாதை முடிவுகளை வேறு எந்தக் காட்சியிலும் இவ்வளவு தெளிவாகக் கேட்க முடியாது. துணை ஷோகன் என்று ஒரு பதவியே அன்று அதிகாரபூர்வமாக இருந்ததில்லை, நிஜ மித்சுகுனி நாடு முழுக்க அப்படிச் சுற்றவுமில்லை. ஆனாலும் காட்சியின் பலம் குறையவில்லை.

சரி, அன்று நிஜமாகவே இப்படித்தான் பேசினார்களா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. நாடகங்களில் கேட்கும் சாமுராய் பேச்சு மேடைக் கலைகள், கதைசொல்லிகள் வழியாக வந்த ஒரு மரபு. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஹெயான் காலத்துப் பேச்சை அப்படியே பேசவிட்டால் இன்றைய ஜப்பானியருக்கே புரியாது. அந்தக் காலத்து எழுத்தாளர் முராசாகி ஷிகிபுவின் வாழ்க்கையைச் சொன்ன 2024 தைகா தொடர் (என்எச்கே தொலைக்காட்சியில் வருடம் முழுக்க ஓடும் பெரிய வரலாற்றுத் தொடர்) 'ஹிகாரு கிமி எ' கூட இன்றைய காதுக்கு எட்டுகிற மொழியில்தான் இருந்தது. மிதானி கோகி எழுதிய 'காமாகுரா தோநோ நோ 13 நின்' (2022) இன்னும் ஒரு படி போய், குடும்பத்துக்குள் பேசும்போது ஏறக்குறைய இன்றைய வீட்டுப் பேச்சையே கொடுத்தது. அதைக் குறை சொன்னவர்கள் உண்டு, நான் அந்தப் பக்கம் இல்லை. காமாகுராவில் அமைந்த முதல் சாமுராய் ஆட்சியின் அரசியலே ஒரு குடும்பச் சண்டையாக இருந்தபோது அந்தப் பேச்சு பொருந்தியது. ஆனால் பிரபு அமர்ந்திருக்கும் சபைக்காட்சியில் பழைய நடையைக் கைவிட்டால் எனக்குப் பிடிக்காது, தலை குனிந்திருப்பவனின் பயம் அந்த நடையில்தான் இருக்கிறது.

வட்டார வழக்கு இன்னொரு பெரிய விஷயம். 2018இல் வந்த 'செகோதோன்', ஷோகன் ஆட்சியைக் கவிழ்த்த தலைவர்களில் ஒருவரான சைகோ தாகாமோரியின் கதை. சத்சுமா, அதாவது இன்றைய காகோஷிமா பக்கத்துப் பேச்சை அடர்த்தியாக வைத்திருந்தார்கள். புரியவில்லை என்று ஜப்பானியப் பார்வையாளர்களே புகார் சொன்னார்கள். நான் அதற்காகவே அந்தத் தொடரை மதிக்கிறேன். தூரத்துத் தெற்கிலிருந்து வந்தவர்கள்தான் பழைய ஆட்சியைக் கவிழ்த்தார்கள் என்பதைக் காது வழியாகவே உணர வைத்துவிட்டது. அப்போது பேச்சில் புரியாதவர்களும் எழுத்தில் புரிந்துகொண்டார்கள், கடிதங்களுக்கு 'சோரோ' என்று முடியும் பொது நடை ஒன்று இருந்தது. தொடரில் யாராவது கடிதத்தை வாய்விட்டுப் படித்தால் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும், கவனியுங்கள்.

எந்த எழுத்தாளரும் கைவைக்கத் தயங்குகிற வரிகளும் உண்டு. 1582, ஹொன்னோஜி கோவில். தன்னைச் சூழ்ந்திருப்பது தன் சொந்தத் தளபதி அகேச்சி மித்சுஹிதே என்று தெரிந்ததும், அன்று பெரும் பலத்தோடு இருந்த பிரபு ஒதா நொபுநாகா சொன்னதாகப் பழைய வரலாற்றுக் குறிப்பில் இருப்பது 'செஹி நி ஒயோபசு'. சரியா தவறா என்று பேச இனி ஒன்றுமில்லை என்பது போல ஒரு பொருள், இப்போதும் அறிஞர்கள் வேறு வேறு விளக்கம் சொல்கிறார்கள். ஒரு நடிகர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார், ஒருவர் முணுமுணுப்பார். 'கிரின் ங்கா குரு' தொடரில் மித்சுஹிதேதான் நாயகன் என்பதால் அந்தக் காட்சி ஒரு காதலின் முறிவு போலவே இருந்தது. இத்தனைக்கும் கதை முடிவு நமக்கு முன்பே தெரியும்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் 2024இல் வந்த அமெரிக்கத் தயாரிப்பான 'ஷோகன்' தொடரிலிருந்து தொடங்கலாம், அதில் பெரும்பகுதி ஜப்பானிய வசனம்தான். ஆங்கிலத்தில் எழுதியதை ஜப்பானியத்துக்குக் கொண்டுபோய், அதன்பின் ஒரு நாடக ஆசிரியரை வைத்துப் பழைய நடைக்கு மாற்றினார்கள். கதையில் மொழிபெயர்ப்பாளராக வரும் மாரிகோ என்ற பெண் மொழிபெயர்க்கும்போது ஆங்கிலேயன் சொன்ன முரட்டு வார்த்தை எப்படி மெருகேறிப் பிரபுவிடம் போகிறது என்று பாருங்கள்.

நான் இப்போது 2025 தைகாவான 'பெராபோ'வில் பாதியில் இருக்கிறேன், எதோவின் புத்தகப் பதிப்பாளர் சுதாயா ஜூசாபுரோவின் கதை. எதோவின் பாலியல் தொழில் பேட்டையான யோஷிவாராவில் விற்கப்பட்ட பெண்கள் 'அரின்சு' என்று முடிக்கிற ஒரு தனிப் பேச்சு பேசுவார்கள். சொந்த ஊர் வழக்கு தெரியாமல் இருக்கத்தான் அந்தப் பேச்சைப் பழக்கினார்கள் என்று சொல்வதுண்டு. அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அழகாக ஒலிக்கிற ஒவ்வொரு வசனமும் வலிக்கிறது. முழுதாகப் பார்த்து முடித்தவர்கள், கதையைச் சொல்லாமல், அந்தப் பெண்கள் எந்த இடத்தில் அரின்சுவை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள்.