பதினாலு மாதமாக இலை மட்டும்தான்: ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் மறுபடி பூக்குமா?

மடிப்பாக்கம் மாடி:
வணக்கம். போன வருஷம் எங்கள் கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர் ஒருவர் ஃபெலனாப்சிஸ் தொட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளைப் பூ, நடுவில் ஊதா. மூன்று மாதம் வாடாமல் நின்றது. பூவெல்லாம் உதிர்ந்து பூத்தண்டும் பழுப்பாகிக் காய்ந்ததும் அடியோடு வெட்டிவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு புது இலை, நாலைந்து வேர், அவ்வளவுதான். கிழக்கு ஜன்னலில், கனமான திரைக்குப் பின்னால் இருக்கிறது. வாரம் இருமுறை தண்ணீர் விடுகிறேன். இலையெல்லாம் நல்ல கரும்பச்சை. "இதற்கு ஒரு செம்பருத்தி வைத்திருந்தால் தினமும் சாமிக்குப் பூ கிடைத்திருக்கும்" என்கிறார் மாமியார். எங்கே தப்பு செய்கிறேன்?

பச்சைத்துண்டு:
ரொம்ப சுலபம். ராத்திரி மட்டும் ஏசி அறையில் ஒரு மாதம் வையுங்கள். குளிர் பட்டால் தண்டு வந்துவிடும்.

மயிலை பாட்டி:
இந்த ராத்திரி ஏசி கதையை நம்பி இரண்டு வருஷத்தை வீணாக்கியவள் நான். பத்து மணிக்குத் தொட்டியைத் தூக்கிப் படுக்கையறையில் வைப்பேன், விடிந்ததும் ஹாலுக்குக் கொண்டுபோவேன். முழங்கால் வலி வந்ததுதான் மிச்சம். 2020 ஊரடங்கில் மகன் வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். அவன் அறையில் பகல் முழுக்க ஏசி 24-ல் ஓடும். ஹாலில் இடமில்லை என்று தொட்டியை அவன் ஜன்னலோர மேசையில் வைத்தேன். ஆறாவது வாரம் இலை இடுக்கிலிருந்து தண்டு எட்டிப் பார்த்தது!

பிறகுதான் புரிந்தது, இந்தச் செடிக்குப் பகல் சூடுதான் கணக்கு. பகலில் மணிக்கணக்காக 28, 29 டிகிரி இருந்தால், ராத்திரி எவ்வளவு குளிர்ந்தாலும் இலையும் வேரும் விட்டுக்கொண்டே இருக்கும். பகலும் 25-ஐ ஒட்டி நாலைந்து வாரம் இருந்தால் தண்டு விட மனசு வரும். ஏசி இல்லாமல் சென்னையில் அந்த வாய்ப்பு மார்கழி, தையில்தான். அதுவும் வீட்டிலேயே குளிர்ச்சியான இடமாகப் பார்த்து வைத்தால்.

அப்புறம் அம்மா, கரும்பச்சை இலையைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். கனத்த திரையை எடுத்துவிட்டுப் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டுங்கள். இலை கொஞ்சம் வெளிறி, இளம்பச்சையாக வேண்டும். ஆனால் உச்சி வெயில் நேராகப் பட்டால் கருகிவிடும்.

தண்ணீருக்குக் கிழமை பார்க்க வேண்டாம், வேரைப் பாருங்கள். வெள்ளி நிறமாக இருந்தால் விடலாம், பச்சையாக இருந்தால் தொடவே கூடாது. நடுக்குருத்தில் தண்ணீர் தங்கினால் அழுகும். பஞ்சு வைத்துத் துடைத்துவிடுங்கள். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் உப்புத் தண்ணீரைச் சிக்கனம் என்று ஊற்றி வேர் நுனிகளைக் கருக்கியதும் இந்தப் பாட்டிதான். மழைத் தண்ணீர் உத்தமம். இல்லையென்றால் குடிக்கிற ஆர்ஓ தண்ணீர். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு அரை கிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

அடுத்த முறை பூ முடிந்ததும் தண்டு பச்சையாகவே இருந்தால் அடியோடு வெட்டாதீர்கள். கீழிருந்து இரண்டாவது, மூன்றாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் சில சமயம் பக்கக் கிளை விட்டுப் பூக்கும். உங்களுடையது காய்ந்துவிட்டது, அதனால் வெட்டியது சரிதான்.

நாகர்கோவில் தோட்டம்:
மெட்ராஸ் வெயிலில் ஃபெலனாப்சிஸோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? டென்ட்ரோபியம் ஆர்க்கிட் வாங்குங்கள். மாடியில் ஐம்பது சதவீத நிழல்வலை, ஓட்டுத் துண்டும் கரியும் போட்ட தொட்டி, அது போதும். வருஷத்தில் சில தடவை பூக்கும். ஒன்று மட்டும்: இலை உதிர்ந்த பழைய தண்டைச் செத்துவிட்டது என்று வெட்டாதீர்கள். அதிலிருந்தும் பூ வரும்.

மயிலை பாட்டி:
டென்ட்ரோபியம் நல்ல பிள்ளைதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் இவர் கேட்டது இருக்கிற செடியைப் பற்றி.

மடிப்பாக்கம் மாடி:
ரொம்ப நன்றி பாட்டி. இலைக்கடியில் ஏதோ முளைக்கிற மாதிரி இருக்கிறது. வேரா, தண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மயிலை பாட்டி:
நுனி மொழுக்கென்று உருண்டு பளபளத்தால் வேர். கட்டைவிரல் மட்டும் பிரிந்த கையுறை மாதிரி சற்றுத் தட்டையாக, கூராக மேல்நோக்கி இருந்தால் தண்டு. தண்டாக இருந்தால் தொட்டியைத் திருப்பித் திருப்பி வைக்காதீர்கள், அது வெளிச்சத்தைத் தேடிக் கோணிக்கொண்டு போகும். பூக்க இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும். இன்னொன்று, மாம்பழக் கூடையைப் பக்கத்தில் வைக்க வேண்டாம். பழுக்கும்போது வருகிற எத்திலீன் வாயு மொட்டை உதிர்த்துவிடும். ஒரு மே மாதம் பங்கனபள்ளி பக்கத்தில் வைத்து ஒன்பது மொட்டைப் பறிகொடுத்தேன்.

மடிப்பாக்கம் மாடி:
மொழுக்கென்றுதான் இருக்கிறது. வேர்தான். தொட்டி நேற்றிலிருந்து வீட்டுக்காரரின் ஆபீஸ் அறையில், பகல் ஏசியில். திரைக்குப் பதில் வேட்டியும் கட்டியாயிற்று. மாமியாருக்குச் செம்பருத்தி வாங்கிக் கொடுத்துவிட்டேன்.