வாக்குத்தத்தம் கிடைத்தாயிற்று, காரியம் நடக்கவில்லை: காத்திருக்கிறவர்களுக்கு எது உதவுகிறது?

ஞாயிறுபள்ளி டீச்சர்:
டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை (புது வருஷத்துக்கென்று ஒரு வேதவசனம் அச்சடித்தது) பீரோ கதவில் ஒட்டிவைத்து, ஆகஸ்ட் பிறந்ததும் "கர்த்தர் ஏன் இன்னும் செய்யவில்லை" என்று கேட்கிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. இவர்களோடு உட்கார்ந்து பேசிப் பழகினவர்கள் எழுதுங்கள். "விசுவாசியுங்கள், நடக்கும்" மட்டும் வேண்டாம். அதைத்தான் எல்லாரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

தூத்துக்குடி பாஸ்டர்:
முதலில் அட்டையிலுள்ள வசனத்தை முழு அதிகாரத்தோடு வாசிக்கவையுங்கள். அடிக்கடி வருவது எரேமியா 29:11, "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" கொடுப்பேன் என்கிற வசனம். அதற்கு முந்தின வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை. பாபிலோனில் 70 வருஷம் முடிந்தபின்புதான் என்கிறது அது. அந்த அதிகாரம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம். அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பப்போவதில்லை. 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்கிற பொய்த் தீர்க்கதரிசி வருகிறான். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட ஆலயத்துப் பணிமுட்டுகளும் எகொனியா ராஜாவும் 2 வருஷத்தில் திரும்பிவரும் என்று ஆலயத்திலேயே எல்லார் முன்பாகவும் சொல்கிறான். அந்த வருஷம் ஏழாம் மாதமே செத்துப்போனான். இன்றைக்கும் தேதி குறித்துச் சொல்கிறவருக்குத்தான் கூட்டம் சேருகிறது, அது வேறு விஷயம்.

காத்திருக்கிற நாளில் செய்யவேண்டியது 29:5-7இல் இருக்கிறது: வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணு, இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம்பண்ணு. விசா வரும் என்று உள்ளூர் வேலையை முன்கூட்டியே விட்டுவிடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

மருத்துவமனை ஜெபக்குழு அக்கா:
பாஸ்டர் ஐயா சொன்னது வியாதி விஷயத்தில் இன்னும் அவசரம். சுகம் தருவேன் என்று வசனம் கிடைத்ததும் இன்சுலினை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2 இராஜாக்கள் 20-ஐத் திறந்து காட்டுவோம். சாகும் வியாதியிலிருந்த எசேக்கியா ராஜா மூன்றாம் நாள் ஆலயத்துக்குப் போவான், ஆயுசு 15 வருஷம் கூடும் என்று சொன்ன அதே ஏசாயா தீர்க்கதரிசிதான் அத்திப்பழத்து அடை கொண்டுவரச் சொன்னான். அதைப் பிளவையின்மேல் பற்றுப்போட்டார்கள், பிழைத்தான். வாக்கும் பற்றும் ஒரே வாயிலிருந்து வந்தவை.

டோஸைக் குறைப்பது டாக்டர் பார்த்தபிறகு. சாட்சியும் ரிப்போர்ட் கைக்கு வந்தபிறகு. மைக்கில் "சுகமானேன்" என்று சொல்லிவிட்டவர் மறுபடி மருந்துக்கடைக்குப் போக வெட்கப்படுவார். ஆபத்தே அந்த வெட்கத்தில்தான்.

வாலிபர் கூட்டத் தம்பி:
வேலை தேடுகிறவர்களுக்கு நெகேமியா 1, 2. பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரரான நெகேமியா, எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்துகிடக்கிற செய்தியைக் கிஸ்லேயு மாதத்தில் கேட்கிறார், நிசான் மாதத்தில் ராஜா விசாரிக்கிறார். சுமார் 4 மாதம். ராஜா கேட்ட உடனே எத்தனை நாள் வேண்டும் என்று குறித்துச் சொல்கிறார். நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதங்கள் கேட்கிறார். வனக்காவலன் ஆசாப்புக்கும் ஒன்று, மரத்துக்காக. எந்தெந்த வேலைக்கு மரம் என்பது உட்பட. ஜெபித்த மாதங்களில் எஸ்டிமேட்டும் தயாராகியிருக்கிறது. பிறகு அலங்கம் 52 நாளில் முடிந்தது.

எங்கள் கூட்டத்தில் ஒரு நோட்டு போடச் சொல்கிறோம். இடப்பக்கம் தேதியும் கேட்ட காரியமும், ஒரே வரியில். "நல்ல வேலை" என்று எழுதினால் பதில் வந்தாலும் அடையாளம் தெரியாது. என்ன வேலை, எந்த ஊர், வீட்டுச் செலவுக்குக் குறைந்தது எவ்வளவு என்று எழுதவேண்டும். வலப்பக்கம் நம் கையிலிருக்கிற வேலை: சான்றிதழ் நகல், பாஸ்போர்ட் புதுப்பித்தல், போடவேண்டிய விண்ணப்பம். 3 மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கவேண்டும். வலப்பக்கம் காலியாகவே கிடந்தால் சோம்பலுக்கு விசுவாசம் என்று பேர் வைத்திருக்கிறோம்.

ஞாயிறுபள்ளி டீச்சர்:
தம்பி, வலப்பக்கத்தில் எழுத ஒன்றுமே இல்லாதவர்களும் உண்டே? எல்லாப் பரிசோதனையும் முடித்துவிட்டுப் பிள்ளைக்காகக் காத்திருக்கிறவர்கள்?

தூத்துக்குடி பாஸ்டர்:
நல்ல கேள்வி. அங்கே "ஏதாவது செய்" என்பதே கண்ணி. கானானில் 10 வருஷம் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையில்லாத சாராய் தன் அடிமைப்பெண் ஆகாரைக் கணவன் ஆபிராமுக்குக் கொடுத்தாள். ஆபிராமுக்கு 86 வயதில் இஸ்மவேல். ஆதியாகமம் 16 அங்கே முடிகிறது; அடுத்த அதிகாரம் தொடங்கும்போது 99. நடுவே 13 வருஷத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1 சாமுவேல் 13-இல், பலி செலுத்த வரவேண்டிய தீர்க்கதரிசி சாமுவேலுக்காகக் கில்காலில் சவுல் ராஜா 7 நாள் காத்திருந்தான். ஜனங்கள் சிதறி 600 பேர் மிஞ்சினார்கள். பொறுக்கமுடியாமல் தானே பலி செலுத்தினான், முடித்ததும் சாமுவேல் வந்து நிற்கிறார். நெகேமியா தயார் செய்தது தன் வேலையை. சவுல் செய்தது சாமுவேலுக்கு உரியதை. நோட்டில் எழுதுமுன் இந்த வித்தியாசத்தைப் பாருங்கள்.

ஜெபக்குழு அக்கா:
அப்படிப்பட்ட தம்பதிகளை மேடைக்கு அழைக்காதீர்கள். "அடுத்த வருஷம் இந்நேரம் கையில் குழந்தை" என்று யாரும் சொல்லவே கூடாது. நடக்காவிட்டால் சொன்னவர் மறந்துவிடுவார், அவர்கள் அந்தத் தேதியைச் சுமப்பார்கள். வீட்டுக்குப் போனால் 15 நிமிஷம் போதும். சங்கீதம் 13, ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" நான்கு தரம் வருகிறது. அதை அவர்களையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். காபி கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.