திங்க்பேட் டி480 உள் பேட்டரி: சுங்கை சிப்புட், ஈப்போவில் எங்கே நம்பி வாங்கலாம்?

வணக்கம். என் லெனோவோ திங்க்பேட் டி480 மடிக்கணினியில் உள்ளே ஒன்று, வெளியே கழற்றக்கூடியது ஒன்று என இரண்டு பேட்டரிகள். மாற்ற வேண்டியது உள் பேட்டரி, பாகம் எண் 01ஏவி489, 24 வாட்-மணி. விண்டோஸின் 'பவர்சிஎஃப்ஜி /பேட்டரிரிப்போர்ட்' கட்டளை அதன் இப்போதைய முழுச் சார்ஜ் அளவை 9 வாட்-மணி என்கிறது. டி480 வெளிப் பேட்டரியைத்தான் முதலில் காலி செய்யும். உள் பேட்டரி தளர்ந்துவிட்டால் வெளியதைக் கழற்றிய சில நிமிடங்களில் கணினி அணைந்துவிடும்.

கழற்றும் முறை தெரியும்: பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) கான்ஃபிக், பவர் போய் உள் பேட்டரியை முடக்கி, சார்ஜர், வெளிப் பேட்டரி இரண்டையும் எடுத்து, அடி மூடியின் ஆறு திருகாணிகளைத் தளர்த்த வேண்டும். அவை மூடியிலேயே தங்கும், பிடுங்கக் கூடாது. விளிம்பைப் பழைய டச் அண்ட் கோ அட்டையால் நெம்பலாம். பேட்டரிப் பக்கம் மட்டும் உலோகம் வேண்டவே வேண்டாம். லித்தியம் செல் குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

எந்தக் கடை தயாரிப்புத் தேதியைக் காட்டி விற்கிறது? ஆண்டுக்கணக்கில் அலமாரியில் காலியாகக் கிடந்த பேட்டரி புதிதானாலும் சார்ஜ் ஏறாமல் போகலாம். எனக்கு இதுதான் முக்கியம், விலை அப்புறம்.

வேறு நிறுவனத் தயாரிப்பைப் போட்டவர்களுக்குச் சார்ஜ் வரம்பு அமைப்பு (குறிப்பிட்ட விழுக்காட்டில் சார்ஜை நிறுத்தும் வசதி) வேலை செய்கிறதா?

பழையதைக் குப்பையில் போட முடியாது. இங்கே யார் வாங்கிக்கொள்கிறார்கள்?